ஒட்டுவதா, மாற்றுவதா?

ஸ்கூட்டர் வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். பின் டயரில் ஆணி ஏறியிருக்கிறது. பஞ்சர் கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "திரி போட்டுரலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார். பக்கத்தில் நிற்பவர், "ரெண்டு சக்கர வண்டி சார், புதுசு போட்டுருங்க" என்கிறார். இருவரும் அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஒட்டுக்கு நூறு இருநூறு ரூபாய் ஆகும். புது டயருக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும். பணக்கணக்கு ஒரு பக்கம் இழுக்க, உயிர்பயம் இன்னொரு பக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்பவருக்கு அறிவியல் என்ன சொல்கிறது?

விடை ஓட்டையின் அளவில் மட்டும் இல்லை. டயர் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. காற்றை வெளியே விடாமல் பிடித்து வைப்பது ஒரு வேலை, வண்டியின் சுமையைத் தாங்குவது இன்னொரு வேலை. முதல் வேலை ரப்பருடையது. இரண்டாவது வேலை, ரப்பருக்குள் புதைந்து நம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் நூலுடையது. ரப்பரில் விழுந்த ஓட்டையை அடைக்க முடியும். அறுந்த நூலை எந்தக் கடையிலும் மறுபடி சேர்க்க முடியாது. ஆணி காற்றைத்தான் திறந்துவிட்டதா, நூலையும் கெடுத்துவிட்டதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஒட்டுவதா மாற்றுவதா என்பது தானாகவே தீர்ந்துவிடும்.

டயருக்குள் என்ன இருக்கிறது?

நம் ஊர் ஸ்கூட்டர்களில் பலவற்றின் பின் சக்கரத்தில் 90/100-10 என்று எழுதிய டயரைப் பார்க்கலாம். 90 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 100 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு நூறு பங்கு உயரம், அதாவது அதே 90 மி.மீ. கடைசியில் வரும் 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதையடுத்து 53J என்று இருந்தால் அந்த டயர் 206 கிலோ வரை தாங்கும், மணிக்கு 100 கி.மீ. வேகம் வரை ஓடலாம் என்று பொருள்.

அந்த டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே பல அடுக்குகள் தெரியும். தரையைத் தொடும் தடித்த ரப்பர் வெளியே இருக்கிறது. இதைப் பஞ்சர் கடைகளில் பட்டன் என்பார்கள். அதற்கு அடியில் நைலான் நூல் அடுக்குகள். ஒரு அடுக்கில் நூல்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சாய்ந்து அவற்றைக் குறுக்கே கடக்கும். இந்த நூல்கள் பட்டனுக்கு அடியிலிருந்து இரு பக்கச்சுவர்கள் வழியாக இறங்கி, ரிம்மைப் பற்றும் விளிம்பில் உள்ள எஃகுக் கம்பி வளையத்தைச் சுற்றி மடிக்கப்பட்டிருக்கும். அந்த விளிம்புக்குப் பீடு என்று பெயர். டியூப்லெஸ் டயரில் எல்லாவற்றுக்கும் உள்ளே காற்றுப்புகாத மெல்லிய ரப்பர் பூச்சு ஒன்று உண்டு. பியூட்டைல் வகை ரப்பரால் ஆனது அது. இயற்கை ரப்பரோடு ஒப்பிட்டால் பியூட்டைல் வழியாகக் காற்று கசிவது மிகமிகக் குறைவு. 1937இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைலை உருவாக்காமல் இருந்திருந்தால் இன்றைய டியூப்லெஸ் டயர் இவ்வளவு எளிதாக வந்திருக்காது.

இனி ஒரு கணக்கு. 107 கிலோ எடையுள்ள ஸ்கூட்டரில் ஒருவர் மட்டும் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரத்தில் ஏறத்தாழ 100 கிலோ விழும். காற்றழுத்தம் 29 பி.எஸ்.ஐ. டயர் தரையோடு தொடும் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர்தான். டயருக்குள் இருக்கும் இடம் ஏறக்குறைய 6 லிட்டர். அதில் அடைபட்டிருக்கும் காற்றின் எடை வெறும் 20 கிராம் அளவு. இந்த 20 கிராம் காற்று 100 கிலோவை எப்படித் தாங்குகிறது?

காற்று நேரடியாகத் தாங்குவதில்லை. அது எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தள்ளி, நூல்களை இழுத்து முறுக்கேற்றி வைக்கிறது. பக்கச்சுவரில் ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் உள்ள நூல்கள் மட்டுமே தோராயமாக 9 கிலோ இழுவிசையில் எப்போதும் விறைத்து நிற்கின்றன. சக்கரத்தைச் சுற்றிலும் நூல்கள் ரிம்மை வெளிநோக்கி இழுத்துக்கொண்டிருக்கின்றன. தரையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்கிப் பக்கம் பிதுங்குவதால், அங்கே நூல்கள் ரிம்மைக் கீழே இழுப்பது குறைந்துவிடுகிறது. மேல்பகுதி நூல்களோ முன்போலவே மேலே இழுக்கின்றன. இந்த இழுவை வித்தியாசம்தான் வண்டியைத் தாங்குகிறது. சரியாகச் சொன்னால், நாம் காற்றின் மேல் உட்கார்ந்து போகவில்லை. மேல்பகுதி நூல்களில் தொங்கிக்கொண்டு போகிறோம். பஞ்சரைப் பற்றி முடிவெடுக்கும்போது நூலை முதலில் நினைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

பழுது பார்ப்பதிலிருந்து பிறந்த டயர்

காற்று ஒரு பொருளிடம், பலம் இன்னொரு பொருளிடம் என்ற இந்த வேலைப் பிரிவினை டயர் பிறந்தபோதே வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845இல் காப்புரிமை பெற்ற காற்றுச் சக்கரத்தில் ரப்பர் ஊட்டிய துணிக்குழாய் காற்றைப் பிடித்தது; மேலே போர்த்திய தோல் உறை பலம் கொடுத்தது. அது பரவலாகவில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர்க் குழாயில் காற்று, அதைச் சுற்றித் துணி. இரண்டையும் சேர்த்துச் சக்கரத்தோடு ஒட்டிவிட்டார்கள்.

அதில் பஞ்சர் விழுந்தால் பாடு பெரும்பாடு. ஒட்டியதைப் பிய்த்து, ஓட்டையை அடைத்து, மறுபடி ஒட்டி, பசை காயும்வரை காத்திருக்க வேண்டும். பிரான்ஸில் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திய மிஷ்லின் சகோதரர்கள் கையில் அப்படி ஒரு பஞ்சர் டயர் வந்து சேர்ந்தது. அதைப் பழுது பார்க்கப் பட்ட பாட்டிலிருந்துதான், கழற்றி மாட்டக்கூடிய டயர் என்ற எண்ணம் அவர்களுக்குப் பிறந்தது. 1891இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், பாரிஸிலிருந்து ப்ரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. சைக்கிள் பந்தயத்தில் ஷார்ல் தெரோன் அந்த டயர்களை மாட்டிக்கொண்டு வென்றார். எளிதாகப் பழுது பார்க்க முடிவது டயரின் தகுதிகளில் ஒன்று என்பதை உலகம் அன்று ஏற்றுக்கொண்டது.

டியூபையே எடுத்துவிடும் எண்ணம் பிறகு வந்தது. அமெரிக்காவின் குட்ரிச் நிறுவனம் 1947இல் டியூப்லெஸ் டயரை அறிவித்தது. அதை வடிவமைத்த ஃபிராங்க் ஹெர்செக்குக் காப்புரிமை கிடைத்தது 1952இல். நம் ஊரில் பழைய ஸ்கூட்டர்கள் டியூபோடும் ஒரு ஸ்டெப்னியோடும் ஓடின. இன்றைய ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவை டியூப்லெஸ். ஸ்டெப்னி மாட்டும் இடம் காணாமல் போய்விட்டது. அதனால் நடுவழியில் எடுக்கும் முடிவின் எடை கூடியிருக்கிறது.

ஆணி ஏறும் நேரம்

டியூப் என்பது உள்ளே ஊதி விரிந்து நிற்கும் மெல்லிய ரப்பர். விரிந்து நிற்கும் ரப்பரில் ஓட்டை விழுந்தால், அந்த இழுவையே ஓட்டையை அகலப்படுத்துகிறது. டியூபுக்கும் டயருக்கும் இடையில் புகுந்த காற்று, வால்வு நுழையும் துளை வழியாகவும் ரிம்மின் இடுக்குகள் வழியாகவும் வெளியேறிவிடும். அதனால்தான் டியூப் வண்டியில் காற்று சட்டென்று இறங்குகிறது.

டியூப்லெஸ்ஸில் காற்று வெளியேற ஒரே வழி ஆணி போட்ட துளைதான். அந்தத் துளையையும் ஆணியே அடைத்துக்கொண்டு நிற்கிறது; சுற்றியுள்ள ரப்பர் அதை இறுக்கிப் பிடிக்கிறது. ஆணியைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீட்டர் துளை முழுதாகத் திறந்திருந்தால், 29 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உள்ள 6 லிட்டர் காற்றில் பெரும்பகுதி ஒரு நிமிட அளவில் போய்விடும். அதே துளையில் ஆணி நின்றால் மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காற்று நிற்கும். பஞ்சர் கடைக்குப் போய்ச் சேரும்வரை ஆணியைத் தொடாதீர்கள் என்று சொல்வதன் பொருள் இதுதான்.

பின் சக்கரத்தில்தான் பஞ்சர் அதிகம் என்பது ஓட்டுகிறவர்களின் பொது அனுபவம். முன் சக்கரம் தட்டிவிடும் ஆணி நிமிர்ந்து, பின்னால் வரும் சக்கரத்தைக் குத்துகிறது. சுமையும் பின்னால்தான் கூடுதல். மழைக்காலத்தில் இன்னும் அதிகம். ஓரங்களில் கிடக்கும் கூரிய பொருள்களை வெள்ளம் சாலைக்கு நடுவே கொண்டுவருகிறது. கூடவே ஈரம் உராய்வைக் குறைப்பதால் கண்ணாடித் துண்டும் ஆணியும் ரப்பரை எளிதாக வெட்டி நுழைகின்றன. பட்டன் தேய்ந்த டயரில் ஆணி கடக்க வேண்டிய தடிமனும் குறைவு. அடுத்தடுத்துப் பஞ்சர் ஆகத் தொடங்கினால், சாலையைத் திட்டுவதற்கு முன் டயரின் வயதைப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை: காற்று இறங்குவதெல்லாம் பஞ்சர் இல்லை. வால்வின் உள்முள் தளர்ந்திருக்கலாம். பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்து, பீடு உட்காரும் இடத்தில் கசியலாம். சோப்பு நீரை வால்வு வாயிலும் ரிம் ஓரத்திலும் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும். இவை இரண்டுக்கும் டயரை மாற்றத் தேவையே இல்லை.

ஒட்டு எப்படிப் பிடிக்கிறது?

ரப்பர் மரத்துப் பால் காய்ந்தால் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இரண்டு குறையும் நீங்குவதைக் கண்டார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. தனித்தனிச் சங்கிலிகள் ஒரே வலையாகிவிடுகின்றன. இதற்கு வல்கனைசிங் என்று பெயர். நெடுஞ்சாலை ஓரத்துப் பெயர்ப்பலகைகளில் இன்றும் இருக்கும் சொல்.

டியூபுக்குப் போடும் ஒட்டு இந்த வேதியியலின் சிறு வடிவம். உப்புத்தாளோ அரமோ வைத்துத் தேய்ப்பது அழுக்கை நீக்கிப் புது ரப்பரை வெளிக்கொணர. சொல்யூஷன் தடவியபின் அது காய்ந்து பிசுபிசுப்பு வரும்வரை காத்திருப்பது, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போக. அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கி, ஒட்டு பிறகு உரிந்துவரும். ஹீட் பஞ்சரில் சூடு கொடுத்து ஒட்டும் டியூபும் ஒரே வலையாகும்படி பாலம் போடுகிறார்கள். கோல்ட் பஞ்சரில் அதே வேலையைச் சாதாரண வெப்பத்திலேயே வேகமாக நடத்தும் முடுக்கிகள் செய்கின்றன. நல்ல ஒட்டு என்பது மேலே பசையால் நிற்கும் துண்டு இல்லை. டியூபோடு வேதியியல்ரீதியாக ஒன்றான ரப்பர்.

டியூப்லெஸ்ஸுக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது திரி. பசையூட்டிய நார்த் திரியை ஊசியில் கோத்து, வெளியிலிருந்தே துளைக்குள் செலுத்தி, ஊசியை உருவிவிடுவார்கள். டயரைக் கழற்ற வேண்டாம், சில நிமிடங்களில் வேலை முடியும். இரண்டாவது மஷ்ரூம் பஞ்சர். காளான் வடிவ ரப்பர் அடைப்பின் தலை உள்ளே விரிந்து பிடிக்க, தண்டு துளையை நிரப்புகிறது. மூன்றாவது வழியில் டயரைக் கழற்றி உட்புறத்தைத் தேய்த்துச் சொல்யூஷன் தடவி, தண்டோடு கூடிய ஒட்டை உள்ளிருந்து இழுத்துப் பதிக்கிறார்கள். தண்டு துளையை அடைக்க, ஒட்டு உள்பூச்சை மூடுகிறது.

அழுத்தத்தால் திரி பிதுங்கி வெளியே பறந்துவிடுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். 3 மி.மீ. துளையில் 29 பி.எஸ்.ஐ. கொடுக்கும் தள்ளுவிசை ஏறத்தாழ 145 கிராம் எடைக்குச் சமம், அவ்வளவுதான். நன்றாக நுழைத்த திரியை அது அசைக்காது. திரியின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. திரியை நுழைக்கும் முன் திருகாணி போன்ற அரத்தைத் துளையில் விட்டுக் குடைவார்கள். ஆணி நூல்களை விலக்கிக்கொண்டு நுழைந்திருக்கலாம். அரமோ அவற்றை அறுக்கும். குடையும் கை எவ்வளவு முரடோ அவ்வளவு நூல் போகும். அடுத்தது, உள்பூச்சில் விழுந்த கிழிசல் திறந்தே கிடக்கிறது. திரியை ஒட்டிக் கசியும் காற்று அதன் வழியே நூல் அடுக்குக்குள் பரவலாம். வெளியிலிருந்து மழைநீரும் இறங்கலாம். நைலான் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. ஈரம் சேரச்சேர நூலுக்கும் ரப்பருக்கும் உள்ள பிடிப்பு தளரும். மூன்றாவதாக, டயரைக் கழற்றாததால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

இதனால்தான் வெளியிலிருந்து போடும் திரியை டயர் நிறுவனங்கள் தற்காலிகத் தீர்வாகவே கருதுகின்றன. அமெரிக்க டயர்த் தொழில் அமைப்புகள் கார் டயருக்கு வகுத்த நெறியும் இதே தர்க்கத்தில் நிற்கிறது: துளை 6 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. தரை தொடும் பகுதியில் மட்டுமே இருக்க வேண்டும். டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, தண்டும் ஒட்டும் இரண்டும் போட வேண்டும். இரு சக்கர வண்டி டயர்களுக்குப் பல நிறுவனங்கள் இதைவிடக் கண்டிப்பானவை. நான்கில் ஒரு சக்கரம் போனாலும் மற்ற மூன்றின் மேல் கார் நிற்கும். இரண்டில் ஒன்று போனால் தாங்க வேறு எதுவும் இல்லை.

இடம்தான் தீர்ப்பு

90/100-10 டயர் ஒரு முறை உருண்டால் சுமார் 1.36 மீட்டர் போகும். தினமும் 20 கி.மீ. போகிறவருடைய டயரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 14,700 முறை தரைக்கு வந்து நசுங்கி மீள்கிறது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 8 முறை. ஒட்டு இந்த அசைவைத் தாங்க வேண்டும்.

அசைவு எல்லா இடத்திலும் ஒன்றில்லை. டயரின் உச்சிப் பகுதியில் ரப்பர் தடிமனாக இருக்கிறது. தரையைத் தொடும்போது பெரும்பாலும் அமுங்குகிறது. அமுக்கம் துளையை மூடவே உதவும். அங்கே இரண்டு மூன்று நூல் அறுந்தாலும் சுற்றியுள்ள ரப்பர் அந்த இழுவையைப் பக்கத்து நூல்களுக்கு மாற்றிவிடும். உச்சியில் விழுந்த சிறு ஆணித்துளை ஒட்டத்தக்கது என்பதற்கு அடிப்படை இது.

பக்கச்சுவர் முற்றிலும் வேறு. அங்கே ரப்பர் மெல்லியது. ஒவ்வொரு சுற்றிலும் அது வளைந்து நிமிர்கிறது. நூல்கள் சென்டிமீட்டருக்கு 9 கிலோ இழுவையில் நிற்கும் இடம் அது. 2 செ.மீ. நீளத்துக்குக் கல்லோ இரும்போ கிழித்து நூல் அறுந்தால், அந்த 18 கிலோ இழுவை கிழிசலின் இரு முனையிலும் உள்ள ஒருசில நூல்கள் மேல் போய்க் குவிகிறது. அவை அறுந்தால் அடுத்தவை. கிழிசல் இப்படித்தான் தானாக நீள்கிறது. உள்ளே ஒட்டிய ரப்பர்த் துண்டு காற்றை நிறுத்தும். இந்த இழுவையைத் தாங்காது. பக்கச்சுவரில் புடைப்பு தெரிந்தால் உள்ளே நூல் ஏற்கெனவே அறுந்துவிட்டது என்று பொருள். காற்று இறங்காவிட்டாலும் அந்த டயரின் காலம் முடிந்தது.

உச்சிக்கும் பக்கச்சுவருக்கும் இடையே உள்ள தோள் பகுதியில்தான் பலருக்குக் குழப்பம். பட்டன் அங்கேயும் இருப்பதால் ஒட்டலாம் என்று தோன்றும். காரின் டயர் தட்டையானது. ஸ்கூட்டரின் டயர் உருண்டையானது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது நம்மைத் தாங்குவது அந்தத் தோள்தான். வளைந்து நிமிரும் அசைவும் அங்கே மிகுதி. நேராக ஓடும்போது சும்மா இருந்த ஒட்டு, சரியாக நாம் திரும்பும் நேரத்தில் முழுச்சுமையை வாங்குகிறது. தோளில் விழுந்த ஓட்டையைப் பக்கச்சுவரோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

காற்றில்லாமல் ஓடிய தூரம்

துளை சிறியது, இடமும் உச்சி. ஆனாலும் டயரை மாற்ற வேண்டி வரலாம். எப்போது? காற்றில்லாமல் ஓட்டியிருந்தால்.

அழுத்தம் பாதியாகக் குறைந்தால் தரை தொடும் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். பக்கச்சுவர் அதற்கேற்ப ஆழமாக வளையும். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் வளையும் இடம் சுடுவதுபோல, ரப்பரும் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக உள்ளே வைத்துக்கொள்கிறது. ரப்பர் வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே சேர்ந்த சூடு வெளியேற வழியில்லாமல் தங்கிவிடும். காற்று முழுதாக இறங்கியபின் பக்கச்சுவர் மடிந்து, ரிம்மின் விளிம்புக்கும் சாலைக்கும் இடையே நசுங்குகிறது. உள்பூச்சு தேய்கிறது, நூலுக்கும் ரப்பருக்கும் இருந்த பிணைப்பு விடுகிறது.

வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் சாட்சி உள்ளே இருக்கும்: பொடிப்பொடியாக உதிர்ந்த கறுப்பு ரப்பர்த் தூள், பக்கச்சுவரின் உட்புறம் சுற்றிலும் ஓடும் தேய்ந்த வளையம், சுருக்கம், சில வேளை எட்டிப் பார்க்கும் நூல். இவற்றில் எது தெரிந்தாலும் ஒட்டுவதில் பொருள் இல்லை. அந்த டயர் காற்றைப் பிடிக்கலாம். ஆனால் தாங்கும் வேலையைச் செய்யும் நூல் தளர்ந்துவிட்டது. அடுத்த கோடையில், வேகத்தில், இருவர் அமர்ந்து போகும்போது அது கைவிடக்கூடும்.

ஆகவே பஞ்சர் ஆனது தெரிந்ததும் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், சட்டென்று பிரேக் பிடிக்காதீர்கள், காற்றுப்போன சக்கரத்தின் பிரேக்கை முடிந்தவரை தவிர்த்து ஓரம் கட்டுங்கள். பின்னால் இருப்பவர் இறங்கட்டும். காற்று கொஞ்சமாவது நின்றால் மெதுவாகக் கடைவரை போகலாம். முழுதாக இறங்கிவிட்டால் தள்ளிக்கொண்டு போங்கள், அல்லது பஞ்சர் போடுபவரை அழைத்து வாருங்கள். பழுது பார்த்திருக்கக்கூடிய நல்ல டயரை, ஓட்டியே கொல்வதுதான் அடிக்கடி நடக்கிறது.

வயதும் தேய்மானமும்

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, இரு சக்கர வண்டி டயரின் பட்டன் பள்ளம் 0.8 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மேடு எங்கே என்பதைப் பக்கச்சுவரில் உள்ள சிறு முக்கோணக் குறியோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ காட்டும். அந்த நிலையை நெருங்கிய டயரில் ஆணி ஏறினால் ஒட்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

வயதையும் பக்கச்சுவரே சொல்லும். நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் ரப்பரின் சங்கிலிகளை வெட்டுகின்றன. பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புகள் தெரிவது அதனால்தான். ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒரு முறையாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள். குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் புதிதாகவே இருக்கும்; ரப்பர் கிழடாகியிருக்கும்.

இரண்டு குறுக்குவழிகள்

டியூப்லெஸ் டயரில் ஒட்டு நிற்கவில்லை என்றால், உள்ளே ஒரு டியூபைப் போட்டுவிடும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. காற்று நிற்கும், மனமும் நிம்மதி அடையும். டியூப் பார்த்துக்கொள்வது காற்றின் வேலையை மட்டும்தான். பக்கச்சுவரில் நூல் அறுந்த டயருக்குள் டியூப் போட்டால் அறுந்த நூல் அப்படியே இருக்கிறது. காயம் மட்டும் மறைகிறது. மேலும் டியூபும் டயரின் உட்புறமும் உரசிச் சூடேறும். அடுத்த ஆணிக்குக் காற்று சட்டென்று இறங்கும். டியூப்லெஸ்ஸின் முக்கியமான பாதுகாப்பை நாமே காசு கொடுத்து நீக்கிவிடுகிறோம்.

இரண்டாவது, உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம். சிறு துளைகளில் இதன் நார்களும் பாலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், வழியில் கைவிடாது. ஆனால் ஆணி ஏறியதே தெரியாமல் நாள்கணக்கில் ஓட்ட நேரலாம். ஊற்றியிருந்தால் பஞ்சர் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உட்புறம் ஈரமாக இருந்தால் அவர் போடும் ஒட்டு பிடிக்காது.

ஏன் எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது?

வசதி இருப்பவர், எதற்கு வம்பு என்று ஒவ்வொரு ஆணிக்கும் புது டயர் போடலாமே? இங்கே வல்கனைசிங்கின் மறுபக்கம் வருகிறது. கந்தகப் பாலம் போட்ட ரப்பரைப் பிளாஸ்டிக்கைப் போல உருக்கி மறுபடி வார்க்க முடியாது. டயருக்கு நீண்ட ஆயுள் கொடுக்கும் அதே பிணைப்புதான் அதைக் குப்பையாகவும் நெடுங்காலம் வைத்திருக்கிறது. எரித்தால் நச்சுப்புகை, போட்டுவைத்தால் மழைநீர் தேங்கிக் கொசு. பழைய டயர்களுக்கு உற்பத்தியாளர்களே பொறுப்பேற்க வேண்டும் என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது இந்தச் சுமையை உணர்ந்துதான். பாதி ஆயுள்கூட முடியாத டயரை ஒரு மெல்லிய ஆணிக்காகத் தூக்கி எறிவது, கன்னியாகுமரி ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் எடுக்கும் தொழிலாளியின் உழைப்பையும் சேர்த்து எறிவதுதான். நூல் நன்றாக இருக்கும்வரை பழுது பார்ப்பதே சரி.

முடிவாக, கடையில் நிற்கும்போது இந்த வரிசையில் கேளுங்கள். ஓட்டை எங்கே? பக்கச்சுவரிலோ தோளிலோ என்றால் மாற்றுங்கள். எவ்வளவு? 6 மி.மீ.க்கு மேல் என்றாலும், நீளக் கிழிசல் என்றாலும் மாற்றுங்கள். காற்றில்லாமல் ஓட்டினேனா? ஆம் என்றால் கழற்றி உள்ளே பாருங்கள். தூளோ தேய்ந்த வளையமோ இருந்தால் மாற்றுங்கள். பட்டன் எவ்வளவு மிச்சம், வயது என்ன? இரண்டில் எது எல்லையை நெருங்கினாலும் மாற்றுங்கள். பழைய ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டையா? அங்கே நூல் ஏற்கெனவே போயிருக்கிறது; மாற்றுங்கள். இவை எதுவும் இல்லை என்றால் தயங்காமல் ஒட்டுங்கள். நடுவழியில் திரி போட்டிருந்தால், ஊர் வந்ததும் டயரைக் கழற்றச் சொல்லி உள்ளிருந்து முறையான ஒட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரை வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றை அளந்து பாருங்கள்.

வாரம் ஒரு முறை, டயர் சூடேறும் முன், வண்டியோடு வந்த குறிப்பேட்டில் உள்ள அளவுக்குக் காற்று பிடியுங்கள். பல டயர்கள் ஆணியால் சாவதில்லை. குறைந்த காற்றில் ஓடி, நூல் களைத்துச் சாகின்றன. பஞ்சர் நம் கையில் இல்லை. காற்று நம் கையில் இருக்கிறது.